கொண்டவர் உடையவர் ஆவரோ?

ஒரு பொருள் ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்குச் செல்லும் வகைகள் பல. அவ்வகை ஒவ்வொன்றுக்கும் நம் தமிழ்மொழி தனித்தனிச் சொல் வகுத்து வைத்துள்ளது. விலை கொடுத்து முற்றிலும் தனதாக்கிக் கொள்வது வாங்குதல். கொடுத்த கடனுக்கு ஈடாக நிலத்தைப் பெற்று, அக்கடன் தீருங்காறும் அதன் பயனை நுகர்வது ஒற்றி. ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசி, நிலத்தையோ தோப்பையோ ஏற்று நடத்துவது குத்தகை. திங்கள்தோறும் பணம் செலுத்திப் பிறர் வீட்டில் குடியிருப்பது வாடகை. யாதொரு பணமுமின்றிச் சின்னாட்குப் பெற்று, மீளக் கொடுத்துவிடுவது இரவல். இச்சொற்களின் வேறுபாட்டை எழுத்தறியாதாரும் நன்கறிவர். ஒற்றிக்குப் பெற்ற நிலத்தை விற்க முயல்பவனை ஊரார் நகைப்பர். விலைக்கு விற்ற மாட்டைத் திரும்ப ஓட்டிச்செல்ல வருபவனை ஊரார் வாளா விடார்.

இத்துணைத் தெளிவாயிருந்த சொற்கள் நம் காலத்தில் கலங்கிவிட்டன. மென்பொருள், மின்னூல், பாட்டு, திரைப்படம், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்த செட்டாப் பாக்ஸ் முதலியவற்றை நாம் 'வாங்கினோம்' என்று கூறுகின்றோம். விற்றவரும் 'விற்றோம்' என்றே கூறுகின்றனர். ஆயினும் ஒருநாள் அப்பொருள் இயங்காமல் நின்றுவிடும்போது, நாம் வாங்கியது பொருளையன்று, அதனைப் பயன்படுத்தும் இசைவை மட்டுமே என்று அறியவருகின்றோம். இக்காலத்து நுகர்வோர் கொள்ளும் மனக்குறைகளுட் பெரும்பாலன இவ்வொரு சொற்குழப்பத்தினின்றே தோன்றுகின்றன என்பது எம் கருத்து. அதனை நம் ஊர்ச் செய்திகளைக்கொண்டு ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோல் வணிகம் கற்பிக்கும் பாடம்

வேலூர், இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் 2019-ஆம் ஆண்டில் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்து நிற்பினும், பாலாற்றுப் பகுதியின் தோல் தொழிலால் இன்றும் ஒன்றுபட்டே உள்ளன. உடைமை இன்னது, பணி இன்னது என்று பிரித்தறிவதில் இத்தொழிலினர் தேர்ந்தவர். பிறர் தோலைக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுக்கும் வழக்கம் இங்கு உண்டு; அதனை 'ஜாப் ஒர்க்' என்பர். பச்சைத்தோல் ஒருவருடையது, தொட்டியும் உருளையும் உழைப்பும் மற்றொருவருடையன. தோல் பல நாட்கள் பதனிடுவோரிடத்தில் கிடப்பினும் அது தம்முடையது என்று அவர் ஒருபோதும் கூறார். கூலி பெற்றுத் தோலைத் திரும்பக் கொடுத்துவிடுவர். எத்தொகுதி எவருடையது என்பதற்கு அடையாளமும் கணக்கும் உண்டு.

அத்தோல் காலணியாகிக் கப்பலேறி ஐரோப்பியக் கடைவீதியை அடைகின்றது. ஆங்கு ஒருவர் விலைகொடுத்து அதனை வாங்கியவுடன் அது முற்றிலும் அவருடையது. அடி தேய்ந்தால் எந்தத் தொழிலாளியிடமும் கொடுத்துப் புதிய அடி தைத்துக்கொள்வார், நிறம் மாற்றிக்கொள்வார், தம் தம்பிக்கு அளித்துவிடுவார். இவற்றுள் எதற்கும் ஆம்பூர்த் தொழிற்சாலையின் இசைவு அவருக்கு வேண்டுவதில்லை.

இனி, ஒரு கற்பனை செய்து பார்ப்போம். அக்காலணியின் அடியில் ஒரு சிறு பூட்டு உளதாகவும், நாள்தோறும் காலையில் ஆம்பூரிலிருந்து ஆணை வந்தாலன்றி அப்பூட்டுத் திறவாது, காலும் உள்ளே புகாது என்பதாகவும் கொள்வோம். கூடவே, பிறரிடம் பழுது பார்த்தால் ஆணை வருவது நின்றுவிடும் என்றும், தம்பிக்குக் கொடுத்தால் அவன் கால் புகாது என்றும், தொழிற்சாலை மூடப்படின் காலணியும் அன்றே பயனற்றுப்போம் என்றும் கொள்வோம். இத்தகைய காலணியை விலைக்கு வாங்கினேன் என்று எவரேனும் கூறுவரோ? வாடகைக்குப் பெற்றேன் என்றுதானே கூறுவர்! காலணியைப்பற்றிச் சொல்லும்போது நகைப்பிற்கிடமாகத் தோன்றும் இந்நிலை, நம் வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சிக்கு நெடுநாளாகவே நேர்ந்திருக்கின்றது.

செட்டாப் பாக்ஸின் வரலாறு

தமிழ்நாட்டு அரசு 2006-ஆம் ஆண்டு முதல் இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியமையால், ஒரு கோடிக்கு மேற்பட்ட இல்லங்கள் அவற்றைப் பெற்றன. 2007-இல் அரசு கேபிள் டிவி நிறுவனம் நிறுவப்பட்டது. அதற்கென முதலில் அமைந்த நான்கு கட்டுப்பாட்டு அறைகளுள் வேலூரும் ஒன்று. தஞ்சாவூர், கோயம்புத்தூர், திருநெல்வேலி என்பன ஏனையவை. சில காலம் தளர்ந்திருந்த அந்நிறுவனம், 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் புத்துயிர் பெற்று, திங்களுக்கு 70 ரூபாய்க்கு 90 அலைவரிசைகளை வழங்கத் தொடங்கியது. அக்காலத்தில் கம்பி வீட்டிற்குள் வந்தால் போதும், படம் தெரியும். இடையில் பூட்டில்லை.

அதே 2011-ஆம் ஆண்டில் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் திருத்தப்பட்டது. நாடு முழுவதும் படிப்படியாக எண்முறை ஒளிபரப்புக்கு மாறவேண்டுமென்றும், வீடுதோறும் செட்டாப் பாக்ஸ் வேண்டுமென்றும் விதிக்கப்பட்டது. இதற்குத் தக்க காரணமும் இருந்தது. பழைய முறையில் எத்தனை வீடுகளுக்கு இணைப்புச் சென்றது என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. கணக்கு மறைந்தமையால் அரசுக்கு வரவேண்டிய வரியும், ஒளிபரப்புவோர்க்கு வரவேண்டிய பங்கும் குறைந்தன. அரசு கேபிள் நிறுவனமும் 2017 ஏப்ரலில் எண்முறை ஒளிபரப்புக்கு உரிமம் பெற்று, அவ்வாண்டிலேயே செட்டாப் பாக்ஸ்களை இலவசமாக வழங்கத் தொடங்கியது.

இப்பெட்டி இயங்கும் முறையை அறிந்துகொள்ளுதல் நலம். படமும் ஒலியும் எண்களாக மாற்றப்பட்டு, அவ்வெண்கள் ஒரு மறைகுறியால் கலைக்கப்பட்டு அனுப்பப்படுகின்றன. அம்மறைகுறியை அவிழ்க்கும் திறவுகோல் சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டேயிருக்கும். பெட்டி ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. கட்டுப்பாட்டு அறையில் இரண்டு மென்பொருள்கள் உள்ளன. எந்த எண்ணுடைய பெட்டி எந்த அலைவரிசைக்குப் பணம் கட்டியுள்ளது என்று ஒன்று கணக்கு வைக்கும். அக்கணக்கிற்கேற்ப, 'இப்பெட்டி திறக்கலாம்' என்னும் இசைவைக் கம்பி வழியே மற்றொன்று அனுப்பும். இசைவு வந்தால் பெட்டி திறவுகோலைப் பெற்றுப் படத்தைக் காட்டும். வாராவிடில், படம் கம்பி வழியே வீட்டு வாயில்வரை வந்து நின்றும், பெட்டி இருள் காட்டி நிற்கும்.

2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நிகழ்ந்தது இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அத்திங்களில் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் அரசு கேபிளின் செட்டாப் பாக்ஸ்கள் இயங்காமல் நின்றன. இலட்சக்கணக்கான இல்லங்களில் படம் இல்லை. மென்பொருள் வழங்கிய தனியார் நிறுவனத்தோடு எழுந்த பிணக்கினால் சேவை தடைப்பட்டது என்று அரசுத் தரப்பில் கூறப்பட்டது. அப்பிணக்கில் நீதி எவர் பக்கம் என்பது நம் ஆராய்ச்சிக்கு உரியதன்று. நாம் நோக்கவேண்டுவது வேறு. அந்நாளில் கம்பி அறுந்திலது, மின்சாரம் நின்றிலது, தொலைக்காட்சியும் பெட்டியும் பழுதுற்றில. சந்தாப் பணம் கட்டியோரும் கட்டாதோரும் ஒருபடித்தாய் இருளில் அமர்ந்தனர். தமக்கு எவ்வகைத் தொடர்பும் இல்லாத இருவரிடையே எழுந்த வழக்கின் சுமை, அவ்வழக்கைப்பற்றி ஒன்றும் அறியாதவர் வீட்டில் வந்து இறங்கிற்று.

'தொலைக்காட்சி இல்லாவிடில் என்ன குடி முழுகிவிடும்?' என்று கற்றோர் சிலர் வினவக்கூடும். விடியற்காலையில் சமைத்து வைத்து, கம்பெனிப் பேருந்தேறிக் காலணித் தொழிற்சாலைக்குச் சென்று, பகலெல்லாம் தையல் எந்திரத்தின்முன் அமர்ந்து, பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பும் பெண்டிர் நம் பகுதியில் பல்லாயிரவர். இரவில் அவர்க்குக் கிட்டும் ஒரு மணி நேர ஓய்வை இகழ்ந்து பேசுதல் எளிது. அவ்வோய்வுக்கென அவர் தம் கூலியினின்று எடுத்துக்கொடுத்த பணத்திற்கு விடை கூறுதல் எளிதன்று. சிறு தொகையாயினும் விலை விலையே. அதற்கு ஈடான பொருளைப் பெறும் உரிமையும் உரிமையே.

மற்றொரு குறையும் உண்டு. ஒரு நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ் மற்றொரு நிறுவனத்தின் இணைப்பில் வேலை செய்வதில்லை. வேலூரினின்று ஆம்பூருக்குக் குடிபெயரும் ஒருவர் நிறுவனம் மாற நேரின், நல்ல நிலையிலுள்ள பெட்டியையும் பரண்மேல் எறிந்துவிட்டு வேறொன்று பெறவேண்டும். கைபேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுவதும் 2011-இல் வந்துவிட்டது. பெட்டிக்கோ அத்தகைய வசதி வந்திலது. எந்நிறுவனத்தோடும் இயங்கத்தக்கனவாகப் பெட்டிகள் அமையவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் 2020 ஏப்ரலில் அரசுக்குப் பரிந்துரை செய்தது. நுகர்வோரின் முணுமுணுப்பு வீண் முணுமுணுப்பன்று என்பதற்கு இப்பரிந்துரையே சான்றாகும்.

பூட்டிய நூலும் திறந்த ஏடும்

தொலைக்காட்சியாவது நாள்தோறும் வந்து நாள்தோறும் மறையும் இயல்பினது. அதனை வாடகைப் பொருள் என்று ஒப்புக்கொள்ளுதல் அரிதன்று. நூலோ அத்தகையதன்று. நூலை நாம் வாங்குவது படித்தற்கும், அடிக்கோடிட்டு வைத்தற்கும், நண்பர்க்கு இரவல் கொடுத்தற்கும், மக்கட்கு விட்டுச்செல்லுதற்குமே. அந்நூலுக்கும் இப்பூட்டு வந்துவிட்டது.

2009-ஆம் ஆண்டு ஜூலையில் அமேசான் நிறுவனம், தன் கிண்டில் கருவியில் பலர் பணம் கொடுத்து வாங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நூற்பதிப்புகளை, அவர்தம் கருவிகளினின்றே தொலைவிலிருந்து நீக்கிவிட்டது. உரிமை இல்லாத ஒருவர் அப்பதிப்பை விற்றார் என்பது காரணம். பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் வேண்டினார். ஆயினும் அமெரிக்காவிலுள்ள பள்ளி மாணவர் ஒருவர், தாம் பாடத்திற்காக எழுதிவைத்த குறிப்புகள் நூல் போனதனால் பயனற்றுப்போயின என்று வழக்குத் தொடுத்தார். 2019-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடியபோது, அங்கு வாங்கப்பட்ட நூல்கள் யாவும் வாங்கியவர் கையினின்று மறைந்தன. விலை திருப்பிக் கொடுக்கப்பட்டது; குறிப்பெழுதி வைத்தோர்க்கு 25 டாலர் கூடுதலாகக் கிடைத்தது. 2025 பிப்ரவரி 26-ஆம் நாள் முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வழியும் அடைக்கப்பட்டது.

பணம் திரும்பக் கிடைத்தபின் குறையென்ன என்று கேட்கலாம். புத்தகக் கடைக்காரர் ஒருவர் நள்ளிரவில் நம் வீட்டுட் புகுந்து, அலமாரியினின்று தாம் விற்ற நூலை எடுத்துக்கொண்டு, அவ்விடத்தில் அதன் விலையை வைத்துச் சென்றால், அதனை நேர்மையான செயல் என்போமா? பணம் கணக்குப்படி சரியாயிருக்கும். வாயிற்கதவு நம்முடையது என்ற நம்பிக்கை போய்விடும்.

தமிழ் பயில்வோர்க்கு இதனினும் பெரிய கவலை ஒன்றுண்டு. நம் பழைய நூல்கள் எவ்வாறு நம்மை வந்தடைந்தன என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும். 1887-ஆம் ஆண்டில் சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை அச்சேற்றினார், அவ்வாண்டிலேயே உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை அச்சேற்றினார். பின்னர் 1894-இல் புறநானூறு வெளிவந்தது. இவ்விருவரும் ஊர் ஊராகத் தேடிப் பெற்ற பனையேடுகள், அந்நூல்களை இயற்றிய புலவர் காலத்து ஏடுகள் அல்ல. பனையோலை சில நூற்றாண்டுகளுக்குமேல் நில்லாது. செல்லும் பூச்சியும் அதனை அரித்துவிடும். ஓலை நைந்துபோமுன் யாரோ ஒருவர் அதனைப் பார்த்து வேறோலையில் எழுதினார்; அதுவும் நையுமுன் வேறொருவர் எழுதினார். பெயர் தெரியாத அவ்வெழுத்தர்களின் கைகளில் ஏறியே சங்க நூல்கள் நம்மிடம் வந்து சேர்ந்தன. படியெடுத்தற்கு வாய்த்த உரிமையே அந்நூல்களின் உயிர்.

பூட்டிய மின்னூலில் அவ்வுயிர்நிலை அடைக்கப்பட்டுவிட்டது. அதன் வாழ்வு ஒரு நிறுவனத்தின் வாழ்வோடு கட்டுண்டது. அந்நிறுவனம் மூடப்படின், அல்லது அதனைத் திறக்கும் மென்பொருள் வழக்கொழிந்துபோயின், நூலும் உடன் முடியும். செல்லரித்த ஏட்டிலேனும் இடையிடையே சில சொற்கள் எஞ்சி நின்று பதிப்பாசிரியர்க்கு வழி காட்டும். திறவுகோல் தொலைந்த கோப்பில் ஓரெழுத்தும் எஞ்சி நில்லாது.

எழுத்துருவால் அடைந்த துன்பமும் தீர்வும்

இந்நிலை மாற்றவொண்ணாதது என்று மனந்தளர வேண்டுவதில்லை. தமிழர் இத்தகைய துன்பம் ஒன்றை முன்னரே அடைந்து, அதனினின்று மீண்டும் வந்துள்ளனர். கணினியில் தமிழ் புகுந்த தொடக்கத்தில், எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் எழுத்துக்களுக்குத் தத்தம் விருப்பப்படி எண் கொடுத்தனர். ஒருவர் 'க' என்பதற்குக் கொடுத்த எண்ணை மற்றொருவர் 'ழ' என்பதற்குக் கொடுப்பர். பாமினி எழுத்துருவில் தட்டிய கட்டுரையை வேறோர் எழுத்துருவில் திறந்தால், பொருளற்ற குறிகளே திரையில் நிரம்பும். கட்டுரை எழுதியவருடையது, ஆயின் அதனைப் படிக்கும் ஆற்றல் எழுத்துருவுக்கு உரியவரிடத்தில் இருந்தது. இதுவும் ஒருவகைப் பூட்டே.

இதனைத் தீர்க்க அறிஞர்களும் ஆர்வலர்களும் அரசும் பல்லாண்டு முயன்றனர். 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் பயனாகப் பொதுவான விசைப்பலகை அமைப்பும் பொதுவான எழுத்துக் குறியீடும் வகுக்கப்பட்டன. உலக மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றிருந்தது. 2010-இல் தமிழ்நாட்டு அரசு அம்முறையை ஏற்று ஆணையிட்டது. இன்று ஆம்பூரில் ஒருவர் கைபேசியில் எழுதும் தமிழ்க் கடிதத்தை யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் எவரும் எழுத்துரு தேடாமலே படிக்கின்றனர். இதனால் எழுத்துரு செய்வோர் தொழில் அழிந்துவிடவில்லை. அழகிய எழுத்துருக்களுக்கு இன்றும் விலை உண்டு. அழகு அவருடையதாக நின்றது. எழுத்து எல்லார்க்கும் பொதுவாயிற்று.

அதேபோல, 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தின்கீழ், உலகெங்கும் உள்ள தன்னார்வத் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டி எழுதிப் பூட்டில்லாத கோப்புகளாக வெளியிட்டனர். முன்னாளில் பனையோலையில் படியெடுத்த கைகளின் பணியைப் பின்னாளில் இவர்களின் கைகள் செய்தன என்க.

மறுபக்க நியாயம்

ஒருசார் வழக்கை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறுதல் முறையன்று. நூலாசிரியரும் இசைவாணரும் திரைப்படம் எடுப்போரும் உழைப்பவரே. வெளியான அன்றே ஒரு படம் திருட்டுத்தனமாய் இணையத்தில் பரவின், அதில் உழைத்த பலருடைய கூலியும் கொள்ளை போகின்றது. ஆகலின் பூட்டு வேண்டும் என்று அவர் கேட்பதில் நியாயம் உண்டு. தோற்கிடங்குக்குப் பூட்டுப் போடுவோரைப் பழிப்பார் உளரோ?

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இவ்விரண்டையும் சீர்தூக்கியுள்ளது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 65அ பிரிவு, உரிமையைக் கவரும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்போர்க்குத் தண்டனை விதிக்கின்றது. அந்நோக்கம் என்பது சட்டத்தின் சொல்லிலேயே இருத்தல் குறிப்பிடத்தக்கது. அதே திருத்தம், கண்பார்வை அற்றோர் முதலிய மாற்றுத்திறனாளர் நூல்களைத் தாம் படிக்கத்தக்க வடிவிற்கு மாற்றிக்கொள்ள இடமளித்தது. பார்வையற்றோர்க்கு நூல்கள் எளிதிற் கிட்டுதற்கென 2013-இல் மராக்கேஷ் நகரில் உருவான உடன்படிக்கையை உலகில் முதன்முதல் உறுதிசெய்து ஏற்ற நாடு இந்தியா. அது 2014-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. பூட்டிய நூலொன்றைத் திரைபடிக்கும் மென்பொருள் வாய்விட்டுப் படிக்க இயலாதபோது, முதலிற் பாதிக்கப்படுபவர் அவரே ஆகலின், இச்சட்டங்களின் அருமை விளங்கும்.

ஆசிரியர்க்கும் படிப்போர்க்கும் ஒருங்கே நலம் செய்யும் வழி தமிழ்நாட்டிலேயே உண்டு. அதுவே நூல்களை நாட்டுடைமை ஆக்குதல். மறைந்த ஆசிரியரின் வழித்தோன்றல்களுக்கு அரசு பரிவுத்தொகை அளித்து, அவர் நூல்களை எவரும் அச்சிடவும் படிக்கவும் பொதுவாக்குகின்றது. உழைத்தோர் குடும்பம் வெறுங்கையாய் நில்லாது. நூலும் பூட்டுண்டு கிடவாது. பூட்டுக்கும் கொள்ளைக்கும் இடையே மூன்றாம் வழி இல்லை என்போர்க்கு இதுவே தக்க விடை.

செய்யத்தக்கன

ஆகவே பூட்டு இருத்தலே குற்றம் என்பது எம் கருத்தன்று. பூட்டிய பொருளைப் பூட்டில்லாப் பொருள்போல விற்றலே குற்றம். வாடகை வீடு என்று சொல்லிக் கொடுத்தால் குடியிருப்போர் சினவார். சுவரில் ஆணி அடிக்குமுன் உரியவரைக் கேட்பர். கிரயம் என்று சொல்லி வாடகைக்குக் கொடுத்தாலன்றோ வழக்கு எழும்? அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா மாநிலம் இதனை உணர்ந்து சட்டம் ஒன்று இயற்றியுள்ளது. 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, வாங்குவோர் பெறுவது இசைவு மட்டுமே என்பதைத் தெளிவாக அறிவியாமல், மின்பொருளைக் குறித்து 'வாங்குக' என்னும் சொல்லை ஆளுதல் கூடாது. ஒரு சொல்லின் பொருளைக் காத்தற்கு ஒரு மாநிலமே சட்டம் செய்தது என்றால், மொழி பயில்வோர் அதனை எண்ணி மகிழலாம்.

நம் நாட்டிலும் வழிகள் இல்லாமல் இல்லை. 2020 ஜூலை 20-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இணையவழி வாங்குதலையும் உட்கொண்டது. விற்ற நிறுவனம் எந்நகரில் இருப்பினும், நுகர்வோர் தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். பழுது பார்க்கும் உரிமைக்கென நடுவணரசு 2022 டிசம்பரில் ஓர் இணையவாயில் திறந்தது. உழவுக் கருவிகள், கைபேசி முதலிய மின்னணுப் பொருள்கள், வீட்டுச் சாதனங்கள், ஊர்திகள் ஆகியன அதனுள் அடங்கும். சந்தாவில் எளிதாகச் சேர்த்துக்கொண்டு வெளியேற வழியின்றிச் சுற்றவிடுதல் போன்ற 13 வகைச் சூழ்ச்சிகளை 2023 நவம்பரில் வெளிவந்த நெறிமுறைகள் தடை செய்துள்ளன.

சட்டம் இருத்தல் ஒன்று. அதனைக் கையாளும் மக்கள் இருத்தல் மற்றொன்று. ஆகலின் மாணவராகிய நாம், நமக்காகவும் நம் வீட்டாருக்காகவும், பணம் செலுத்துமுன் நான்கு வினாக்களை வினவிப் பழகுதல் வேண்டும். முதலாவது, இப்பொருள் இணையமோ நிறுவனத்தின் இசைவோ இன்றித் தானே இயங்குமா? இரண்டாவது, இதனைப் பிறர்க்குக் கொடுக்கவோ வேறு நிறுவனத்தோடு பயன்படுத்தவோ இயலுமா? மூன்றாவது, பழுதுற்றால் நம் ஊர்த் தொழிலாளியிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாமா? நான்காவது, விற்றவர் கடையை மூடிவிட்டால் இது என்னாகும்? இந்நான்கிற்கும் விடை இசைவாயின் அது வாங்குதல். விடை மறுப்பாயின் அது வாடகை. வாடகைக்குத் தக்க பணமே கொடுத்தல் வேண்டும். கல்வி கற்ற பிள்ளைகள் இதனை எடுத்துரைத்தால், ஒப்பந்தத்தின் நீண்ட ஆங்கிலப் பக்கங்களைப் படிக்க இயலாத பெற்றோர்க்கு அது பேருதவியாகும்.

இன்னுமொரு பணி தமிழ் மாணவர்க்கே உரியது. நாம் எழுதும் கட்டுரை, தொகுக்கும் நாட்டுப்பாடல், திரட்டும் ஊர்ச்சொல் ஆகியவற்றை யூனிகோடு எழுத்தில், பூட்டில்லாத கோப்பில், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்துக் காத்தல் வேண்டும். தோல் பதனிடுவோர் வழங்கும் தொழிற்சொற்களே இன்னும் எத்தனையோ எழுத்திலேறாமல் உள்ளன. அவற்றைத் தொகுத்து ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள் இட்டுவைத்தால், நாளை வருவோர் அவற்றைத் தேடி அலையவேண்டிவரும்.

விலை, ஒற்றி, குத்தகை, வாடகை, இரவல் என்று நம் முன்னோர் பகுத்துவைத்த சொற்கள் வெறுஞ் சொற்கள் அல்ல. ஒருவரையொருவர் ஏமாற்றாமல் வாழ்தற்கு அவர் கண்ட ஒழுங்கு. புதிய கருவிகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றை நாம் வெறுக்க வேண்டுவதில்லை. அவை எவ்வகையாக நம் கைக்கு வருகின்றன என்பதை மட்டும் உரிய சொல்லால் கூறுமாறு விற்போரைக் கேட்போம். நாமும் அவ்வாறே கூறுவோம்.